பொம்மை வீடுகள்: செல்வர் இல்லங்கள் காட்டியதும் மறைத்ததும்

நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ்மியூசியத்தில், ரெம்பிராண்ட், வெர்மீர் ஆகியோரின் ஓவியங்களைப் போலவே பார்வையாளர்களைப் பெரிதும் ஈர்க்கும் பொருள் ஒன்று உண்டு. அது ஒரு பொம்மை வீடு. பெட்ரோனெல்லா ஓர்ட்மான் என்ற செல்வச் சீமாட்டி 1686-க்கும் 1710-க்கும் இடைப்பட்ட காலத்தில் இதனை அமைத்தார். இரண்டரை மீட்டர் உயரமும் ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலமும் கொண்ட அலமாரி ஒன்றின் கதவுகளைத் திறந்தால், முழுமையாகத் தட்டுமுட்டுச் சாமான்கள் நிரம்பிய ஒன்பது அறைகள் கண்முன் விரிகின்றன.

இதற்காக ஓர்ட்மான் 20,000 முதல் 30,000 கில்டர் வரை செலவிட்டிருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அக்காலத்தில் ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க் கரையொன்றில் உண்மையான வீட்டையே வாங்குவதற்கு அத்தொகை போதுமானது. தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 300 கில்டராக இருந்தது. மதிப்பீட்டின் குறைந்த தொகையையே கணக்கில் கொண்டாலும், அத்தகைய கைவினைஞர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துப் பெறும் கூலி ஒரு பொம்மை வீட்டுக்காகச் செலவிடப்பட்டுள்ளது.

எவரும் குடியிருக்க முடியாத ஒரு வீட்டுக்காக இவ்வளவு பணம் ஏன் செலவிடப்பட்டது? முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வரலாற்றாளர்கள் அதனை ஏன் இவ்வளவு கவனமாக ஆராய்கின்றனர்? இவ்விரு கேள்விகளுக்கான விடைகளும் ஐரோப்பியச் செல்வர் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி நிறையவே சொல்கின்றன. அச்செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் அந்த அறைகளுக்குள் எளிதில் தென்படுவதில்லை.

குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல

பொம்மை வீடு என்றவுடன் குழந்தைகளின் விளையாட்டே நினைவுக்கு வரும். ஆனால் தொடக்ககாலப் பொம்மை வீடுகளில் பல, பெரியவர்கள் பெரியவர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்தவை. பதிவுகளில் காணப்படும் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று, பவேரியாவின் கோமகன் ஐந்தாம் அல்பிரெக்ட் 1557-58 ஆம் ஆண்டுகளில் செய்வித்த வீடாகும். அது இன்று இல்லை. 1598 ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அவரது அரும்பொருள் தொகுப்பின் பட்டியல் வழியாகவே அதில் என்னென்ன இருந்தன என்பது தெரிய வருகிறது.

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் இந்தக் கலை வேறொரு வடிவம் பெற்றது. அந்நகரின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் 1611, 1639 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த வீடுகள் இன்றும் உள்ளன. அதே நகரைச் சேர்ந்த அன்னா கோஃபர்லின் என்ற பெண்மணி 1631 ஆம் ஆண்டில் தமது பொம்மை வீட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்ததோடு, அதனை வந்து பார்க்குமாறு அழைக்கும் செய்யுள் ஒன்றைத் துண்டுத்தாளாகவும் அச்சிட்டு வெளியிட்டார். ஓர் இல்லம் எவ்வாறு ஒழுங்குற நடத்தப்பட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே அவர் கூறிய நோக்கம். சமையலறையில் எந்தப் பாத்திரம் எங்கே தொங்க வேண்டும், துணிகள் எவ்வாறு மடித்து அடுக்கப்பட வேண்டும் என்பவை வருங்கால இல்லத்தரசிக்கான பாடங்களாயின.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சுக் குடியரசில் இந்தப் பழக்கம் உச்சத்தை அடைந்தது. அங்கு செல்வந்த ஆண்கள் சங்குகள், நாணயங்கள், பதப்படுத்திய பூச்சிகள், தொலைநாட்டு அரும்பொருள்கள் ஆகியவற்றைத் திரட்டி, விலையுயர்ந்த அலமாரிகளில் வைத்து விருந்தினருக்குக் காட்டுவது வழக்கம். அவர்களது மனைவியர் சிலர் அதேபோன்ற அலமாரிகளில் இல்லத்தையே ஒரு தொகுப்பாக அமைத்தனர். பெட்ரோனெல்லா ஓர்ட்மான், பெட்ரோனெல்லா டுனுவா, பெட்ரோனெல்லா டெ லா கூர் ஆகிய மூவரின் வீடுகளும் இன்று புகழ்பெற்றவை. மூவருக்கும் ஒரே முதற்பெயர் அமைந்தது தற்செயலானது.

இவற்றில் டுனுவாவின் வீடு 1676 ஆம் ஆண்டையொட்டி அமைக்கப்பட்டது. இதுவும் ரெய்க்ஸ்மியூசியத்தில் உள்ளது. டெ லா கூரின் வீடு உட்ரெக்ட் நகரின் சென்ட்ரால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1,600 சிறு பொருள்கள் அதில் அடங்கியுள்ளன. அவரது கணவர் ஆம்ஸ்டர்டாமில் மதுவடிசாலை ஒன்றின் உரிமையாளர். ஓர்ட்மானின் கணவர் யோஹானஸ் பிரான்ட் பட்டு வணிகர். வணிகத்தால் உயர்ந்த புதிய செல்வர் வர்க்கத்தின் வீடுகள் இவை என்பது கவனிக்கத்தக்கது.

ஓவியங்கள் காட்டாத அறைகள்

ஓர்ட்மானின் அலமாரி ஆமை ஓடும் வெள்ளீயமும் பதித்து இழைக்கப்பட்டது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் உண்மையான பொருள் எதனால் செய்யப்படுமோ அதே மூலப்பொருளால், ஒரே அளவு விகிதத்தில் செய்யப்பட்டிருக்கிறது. வெள்ளிப் பொருள்களைத் தட்டார்களும், கூடைகளைக் கூடை முடைவோரும், கண்ணாடிக் கிண்ணங்களைக் கண்ணாடித் தொழிலாளரும் செய்தனர். சுவர் ஓவியங்களையும் தேர்ந்த ஓவியர்களே தீட்டினர்.

வரலாற்றாளர்களுக்கு வரவேற்பறையின் ஆடம்பரத்தைக் காட்டிலும் முக்கியமாகத் தோன்றுபவை இதர அறைகள். சமைப்பதற்கான சமையலறை ஒன்று. பீங்கான் பாத்திரங்களைக் காட்சிக்காக அடுக்கி வைத்த இரண்டாவது சமையலறை ஒன்று. துவைத்த துணிகளை உலர்த்தும் மேல்மாடி. துணிகளை மடித்து வைக்கும் இடம். குழந்தைகளின் அறை எனப் பணியும் பராமரிப்பும் நடைபெறும் இடங்களுக்கு இந்த வீட்டில் சம இடம் தரப்பட்டுள்ளது. டுனுவாவின் வீட்டில், எரிபொருளாகப் பயன்பட்ட சதுப்புநிலக் கரியைச் சேமித்து வைக்கும் பரண்கூட இடம்பெற்றுள்ளது.

துணிகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்ற கேள்வி எழலாம். செல்வர் வீடுகளில் பெருந்துவைப்பு ஆண்டில் சில தடவைகளே நடைபெற்றது. அடுத்த துவைப்பு வரை பல மாதங்களுக்குப் போதுமான விரிப்புகள், மேசைத் துணிகள், உள்ளாடைகள் ஆகியவற்றை வைத்திருக்கும் குடும்பமே வசதியான குடும்பம். ஆகவே நிறைந்த துணி அலமாரி, நிறைந்த பணப்பெட்டிக்கு ஒப்பானது. அதன் சாவி இல்லத்தரசியின் இடுப்பில் இருந்தது. பொம்மை வீட்டின் துணி அறை அவரது அதிகாரத்தின் அடையாளமாகும்.

அதேபோல் இக்கால டச்சுப் பொம்மை வீடுகள் பலவற்றில் பிள்ளைப்பேற்று அறை ஒன்றும் காணப்படுகிறது. குழந்தை பிறந்த பின் தாய் படுத்திருக்கும் அறை அது. வீட்டின் மிகச் சிறந்த படுக்கையும் திரைச்சீலைகளும் அங்கே இருந்தன. உறவினரும் அயலவரும் அங்கு வந்து வாழ்த்துத் தெரிவிப்பர். பேறுகாலமும் குழந்தைப் பருவமும் மிகுந்த ஆபத்துக்குரியவையாக இருந்த காலத்தில், அந்த அறை குடும்பத்தின் மகிழ்ச்சியையும் அச்சத்தையும் ஒருங்கே தாங்கி நின்றது எனலாம்.

எவ்வளவு தூரம் நம்பலாம்?

டச்சு இல்லங்களின் உட்புறத்தை உலகம் பெரும்பாலும் ஓவியங்கள் வழியாகவே அறிந்திருக்கிறது. ஆனால் அந்த ஓவியங்கள் எப்போதும் உண்மையைக் காட்டுவன அல்ல. லெய்டன் பல்கலைக்கழகக் கலை வரலாற்றாளர் வில்லெமெய்ன் ஃபோக், ஓவியங்களில் காணப்படும் அறைகளை அக்கால வீட்டுப் பொருள் பட்டியல்களுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தார். கறுப்பு வெள்ளைப் பளிங்குத் தளம் போன்றவை ஓவியங்களில் அடிக்கடி வந்தாலும், உண்மை வீடுகளின் வாழும் அறைகளில் அவை அரிதாகவே இருந்தன என்பது அவரது முடிவு. ஓவியர்கள் தங்கள் கலைத் தேவைக்காகவும் வாங்குவோரின் விருப்பத்துக்காகவும் அறைகளைக் கற்பனையில் அமைத்துள்ளனர்.

வீட்டுப் பொருள் பட்டியல்கள் என்பவை ஒருவர் இறந்தபோதோ கடனில் மூழ்கியபோதோ அதிகாரிகள் எழுதியவை. எந்த அறையில் எத்தனை நாற்காலி, எத்தனை தட்டு என்பது அவற்றில் இருக்கும். ஆனால் அந்த நாற்காலி சுவரோரம் நின்றதா, சாளரத்தின் அருகே இருந்ததா என்பது இருக்காது. இந்த இடைவெளியை நிரப்புவதில்தான் பொம்மை வீடுகள் உதவுகின்றன. பொருள்களின் வடிவம், அவை அமைந்த இடம், ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பு ஆகிய மூன்றையும் அவை முப்பரிமாணத்தில் பாதுகாத்து வைத்துள்ளன. அன்றாடப் பயன்பாட்டில் தேய்ந்தும் உடைந்தும் அழிந்துபோன துடைப்பம், கூடை, தூரிகை போன்ற எளிய பொருள்களும் அங்கே சிறுவடிவில் எஞ்சியிருக்கின்றன.

எனினும் இவற்றையும் அப்படியே நம்பிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறும்போது பொருள்கள் இடம் மாற்றப்பட்டன, புதியவை சேர்க்கப்பட்டன, பல தொலைந்தன. ஓர்ட்மானின் வீட்டை யாகோப் ஆப்பெல் என்ற ஓவியர் 1710 ஆம் ஆண்டையொட்டி ஓவியமாகத் தீட்டினார். அதில் காணப்படும் மெழுகுப் பொம்மை மனிதர்களில் பெரும்பாலோர் இன்று அலமாரியில் இல்லை. ஓவியம் இல்லையெனில் இது ஆளற்ற வீடு என்றே பின்வந்தோர் எண்ணியிருப்பர்.

சாரா ரோதே என்பவரின் கதை இதனை மேலும் தெளிவாக்குகிறது. ஆம்ஸ்டர்டாம் வணிகர் ஒருவரின் மனைவியான அவர், 1743 ஆம் ஆண்டில் ஏலத்தில் மூன்று பழைய பொம்மை வீடுகளை வாங்கினார். அவற்றைப் பிரித்து, தமது காலத்து நாகரிகத்துக்கு ஏற்ப இரண்டு புதிய வீடுகளாக மாற்றி அமைத்தார். எதை எங்கிருந்து எடுத்தார், எந்தத் தொழிலாளியிடம் எதைச் செய்வித்தார் என்பன போன்ற விவரங்களைக் குறிப்பேடுகளில் எழுதியும் வைத்தார். அவ்வீடுகளில் ஒன்று ஹார்லெம் நகரின் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகத்திலும், மற்றொன்று ஹேக் நகரின் கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன.

பெண்கள் எழுதிய ஆவணங்கள் குறைவாகவே எஞ்சியுள்ள ஒரு காலத்தில், ரோதேயின் குறிப்பேடுகள் மிக அரியவை. பணத்தைத் திட்டமிட்டுச் செலவிடவும், கைவினைஞர்களைப் பணிக்கு அமர்த்தவும், எது அழகு எது தகுதி என்று தீர்மானிக்கவும் அப்பெண்களுக்கு இருந்த திறமையை அவை காட்டுகின்றன. கணவரின் வீட்டில் அவர்களுக்குச் சட்டப்படி இருந்த உரிமை வரையறைக்கு உட்பட்டது. அலமாரிக்குள் இருந்த வீட்டில் அவர்களது சொல்லே இறுதியானது.

மெழுகும் மரமும்

வட கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் இவை "பேபி ஹவுஸ்" என அழைக்கப்பட்டன. அக்கால ஆங்கிலத்தில் "பேபி" என்ற சொல் பொம்மையையும் குறித்தது. மேற்கு சசெக்ஸ் பகுதியிலுள்ள அப்பார்க் மாளிகையில் இருக்கும் வீடு இவற்றில் குறிப்பிடத்தக்கது. செல்வந்த வணிகக் குடும்பத்தில் பிறந்த சாரா லெதியூலியர், 1740-களில் மாத்யூ ஃபெதர்ஸ்டன்ஹாவை மணந்தபோது அதனைத் தம்முடன் கொண்டு வந்தார்.

அந்த வீட்டில் எசமானர் குடும்பத்தின் பொம்மைகள் மெழுகால் ஆனவை. பணியாளர் பொம்மைகள் மரத்தால் ஆனவை. சமூகப் படிநிலை உடையில் மட்டுமல்லாது உடலின் மூலப்பொருளிலேயே பதிக்கப்பட்டுள்ளது. அதனைச் செய்தவருக்கு அது இயல்பானதாகவே தோன்றியிருக்க வேண்டும். இன்று காண்போருக்கு அக்கால வர்க்க அமைப்பை விளக்க நீண்ட சொற்பொழிவு தேவையில்லை.

இதே மாளிகையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வீட்டு மேலாளராகப் பணிபுரிந்தவர், எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் தாயார். வெல்ஸ் இளமையில் அங்கு தங்கியிருந்திருக்கிறார். அவர் 1909 ஆம் ஆண்டில் வெளியிட்ட "டோனோ-பங்கே" நாவலில் வரும் மாளிகை அப்பார்க்கை முன்மாதிரியாகக் கொண்டது. பெரிய பொம்மை வீடு ஒன்றும் அதில் இடம்பெறுகிறது. எசமானருக்குப் பெருமை தந்த ஒரு பொருள், பணியாளரின் மகனுக்குச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வைச் சிந்திக்கும் வாய்ப்பாக அமைந்தது.

டச்சு வீடுகளிலும் பணிப்பெண்கள் இருக்கின்றனர். ஆனால் அவர்களது கைகளில் கறை இல்லை. அடுப்பில் புகை இல்லை. துவைத்த துணியில் ஈரம் இல்லை. கரி சுமந்து மாடிப்படி ஏறியவரின் களைப்பு எந்த அறையிலும் பதிவாகவில்லை. இல்லத்தரசி விரும்பிய ஒழுங்கையே பொம்மை வீடு காட்டுகிறது. அந்த ஒழுங்கை நிலைநிறுத்தத் தேவைப்பட்ட உழைப்பைப் பார்ப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

கடல் கடந்து வந்தவை

ஓர்ட்மானின் இரண்டாவது சமையலறையை அலங்கரிக்கும் சிறு பீங்கான் பாத்திரங்கள் சீனாவில் செய்யப்பட்டவை. டச்சு கிழக்கிந்தியக் கம்பனியின் வணிகப் பாதைகள் வழியாகவே இத்தகைய பொருள்கள் ஆம்ஸ்டர்டாமை வந்தடைந்தன. இதற்குக் கடலடியிலிருந்தும் சான்று கிடைத்துள்ளது. 1690 ஆம் ஆண்டையொட்டி வியட்நாமின் வுங் தாவ் கடற்பகுதியில் மூழ்கிய சீனக் கப்பல் ஒன்றின் சரக்கு 1990-களின் தொடக்கத்தில் மீட்கப்பட்டது. அது ஜாவாவிலுள்ள பத்தாவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை நோக்கிச் சென்றதாகக் கருதப்படுகிறது. மீட்கப்பட்ட நீல வெள்ளைப் பீங்கான்களுக்கிடையே விரலளவேயான சிறு குடுவைகளும் இருந்தன. ஐரோப்பியப் பொம்மை வீடுகளின் அலங்காரத்துக்கும் இவ்வகைச் சிறு பீங்கான்கள் பயன்பட்டன.

இந்த வணிக வலையின் முக்கியமான கண்ணி ஒன்று தமிழகக் கரையில் இருந்தது. டச்சுக் கம்பனி 1610 ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் தனது நிலையத்தை நிறுவியது. 1658 ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றியது. சோழமண்டலக் கரையின் நெசவாளர் நெய்த பருத்தித் துணிகளைத் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கொண்டு சென்று கொடுத்தே கம்பனி அங்கு வாசனைத் திரவியங்களை வாங்கியது. துணி இல்லையெனில் கிராம்பும் சாதிக்காயும் இல்லை என்பதே அன்றைய கணக்கு. அதே கரையின் சாயமிட்ட சீட்டித் துணிகள், ஐரோப்பாவில் மேலங்கிகளாகவும் படுக்கைத் திரைகளாகவும் பெரும் வரவேற்பைப் பெற்றன. செல்வர் வீட்டுச் சமையலறைக்குச் சென்ற கறுவா இலங்கையிலிருந்து போனது.

கம்பனி சுமந்து சென்றது துணியையும் கறுவாவையும் மட்டுமல்ல. 1659 முதல் 1661 வரையான ஆண்டுகளில் போரும் பஞ்சமும் தஞ்சாவூர்ப் பகுதியை உலுக்கியபோது, ஆயிரக்கணக்கான மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். டச்சுக் கப்பல்கள் அவர்களை இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கொண்டு சென்றன. அவர்களில் பெரும்பாலானோரின் பெயர்கள்கூட எஞ்சவில்லை. ஓர்ட்மான் தமது அலமாரிக்குப் பொருள்களைத் திரட்டத் தொடங்கியதற்கு ஒரு தலைமுறைக்கு முந்திய நிகழ்வு இது.

இதனை வைத்து, பட்டு வணிகர் பிரான்டின் ஒவ்வொரு கில்டரும் அடிமை வணிகத்தில் ஈட்டப்பட்டது என்று முடிவு கட்டுவது சரியாகாது. ஆனால் அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்த ஆசியப் பொருள்கள் எந்த உலக ஒழுங்கின் வழியாக வந்தன என்பதில் ஐயமில்லை. வீட்டின் ஒவ்வொரு கரண்டிக்கும் இடம் ஒதுக்கிய அலமாரியில், துறைமுகத்துக்கும் பண்டகசாலைக்கும் கப்பலுக்கும் இடமில்லை.

அருங்காட்சியகங்களின் புதிய பொறுப்பு

அண்மைய ஆண்டுகளில் நெதர்லாந்தில் இக்கேள்விகள் அரசியல் முக்கியத்துவம் பெற்றுள்ளன. 2021 ஆம் ஆண்டில் ரெய்க்ஸ்மியூசியம் அடிமை முறை பற்றிய பெரும் கண்காட்சியை நடத்தியது. அட்லாண்டிக் பகுதியோடு ஆசியப் பகுதியின் அடிமை வணிகமும் அதில் எடுத்துக்காட்டப்பட்டது. ரெம்பிராண்ட் முழு உருவமாகத் தீட்டிய ஊப்யென் கொப்பிட் என்ற சீமாட்டியின் குடும்பச் செல்வம், அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையோடு எவ்வாறு தொடர்புடையது என்பதும் அக்கண்காட்சியில் விளக்கப்பட்டது.

தொடர்ந்து 2022 டிசம்பர் 19 அன்று அப்போதைய பிரதமர் மார்க் ருட்டே, அடிமை முறையில் டச்சு அரசு வகித்த பங்குக்காக மன்னிப்புக் கோரினார். 2023 ஜூலை 1 அன்று மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் மன்னிப்புக் கோரினார். இத்தகைய மன்னிப்புகளால் பயன் உண்டா என்பதில் அந்நாட்டினரிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தங்கள் முன்னோரின் பொற்காலத்தைக் குற்றப்பத்திரிகையாக மாற்றுகிறார்கள் என்று ஒரு தரப்பினர் குறைகூறுகின்றனர். மறைக்கப்பட்ட பாதியைச் சேர்க்காமல் வரலாறு முழுமை பெறாது என்பது மறுதரப்பின் வாதம்.

பொம்மை வீடுகள் இவ்விவாதத்தின் மையத்தில் இல்லை. ஜெஸ்ஸி பர்ட்டன் 2014 ஆம் ஆண்டில் எழுதிய "த மினியேச்சரிஸ்ட்" நாவலும், அதனைத் தழுவிய தொலைக்காட்சித் தொடரும் ஓர்ட்மானின் வீட்டுக்குப் புதிய இரசிகர்களைத் தேடித் தந்துள்ளன. பெரும்பாலான பார்வையாளர்கள் அதன் நுணுக்கமான வேலைப்பாட்டை வியந்து கடந்து செல்கின்றனர். அந்த வியப்பு நியாயமானதே. அதனைச் செய்த தட்டார்களும் நெசவாளர்களும் கூடை முடைவோரும் அதற்குத் தகுதியானவர்கள்.

ஆயினும் ஒரு வரலாற்று ஆவணமாக அவ்வீட்டைப் படிக்க விரும்புவோர், மேலும் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இந்த அறையைத் துடைத்தவர் யார்? இந்தக் கரியைச் சுமந்தவர் யார்? இந்தக் குடுவையும் இந்தத் துணியும் எந்தக் கரையிலிருந்து, என்ன விலைக்கு வந்தன? அந்த விலையைக் கொடுத்தவர் யார்? பெட்ரோனெல்லா ஓர்ட்மான் தமது இல்லம் எவ்வாறு பார்க்கப்பட வேண்டும் என்று விரும்பினாரோ, அவ்வாறே அதனை அமைத்து விட்டுச் சென்றிருக்கிறார். அவர் விட்டுச் சென்றவற்றை வீட்டுப் பொருள் பட்டியல்களோடும் கம்பனியின் கப்பல் கணக்குகளோடும் சேர்த்துப் படிக்கும்போதே அந்த ஒன்பது அறைகளின் வரலாறு முழுமை பெறும்.